முதல் மாசமே அந்தக் கதவைத் தட்டும், தம்பி

தம்பி, யாழ்ப்பாணம் திருநெல்வேலிக் கம்பஸில முகாமைத்துவம் முடிச்சிட்டு, ரொறன்ரோவில பிசினஸ் ஸ்கூல் ஒண்டில மாஸ்டர்ஸ் செய்ய இடம் கிடைச்சிருக்கு எண்டு எழுதியிருந்தீர். "அங்க ஆராய்ச்சி மையம் எண்டு நாலைஞ்சு இருக்கே அக்கா, அது புரொபெசர்மாருக்கோ எங்களுக்கோ? படிப்பு, வேலை, வாடகை எண்டு ஓடப்போற எனக்கு அதால என்ன பலன்?" எண்டு கேட்டிருந்தீர். நான் போய் 18 வருசம். இப்ப லீவில வந்து கொக்குவிலில அம்மா வீட்டு விறாந்தையில இருக்கிறன், அதால ஆறுதலாவே சொல்லுறன்.

முதல் வகுப்பைப் பற்றி ஒரு சொல்லு. ஒரு கம்பனியின்ர கதையை 15, 20 பக்கத்தில தருவினம், அதுதான் கேஸ். ஹார்வர்ட்டில வளர்ந்த முறை. கனடாவில ஒன்ராறியோ லண்டனில இருக்கிற ஐவி பள்ளி கேஸ் எழுதி உலகம் முழுக்க விக்குது. இரவு வாசிச்சிட்டு விடிய வகுப்பில கதைக்கவேணும், கதைக்கிறதுக்கே புள்ளி. இங்கிலீஸ் பிழைச்சிடும் எண்ட பயத்தில மூண்டு கிழமை நான் வாய் திறக்கேல்லை. நாலாம் கிழமை வந்தது, கடன் குடுத்துக் குடுத்துக் காசு முடங்கின ஒரு கடையின்ர கதை. மருதனார்மடத்தில அப்பாவின்ர கடையில கடன் கொப்பி எழுதினவள் நான். புகையிலை வித்தாப்பிறகு தாறன் எண்டு சாமான் கொண்டு போறவையில ஆரை நம்பலாம், ஆருக்கு அளவோட நிப்பாட்டவேணும் எண்டு அப்பா எப்பிடிப் பிரிச்சவர் எண்டதைச் சொன்னன். வகுப்பு முடிய புரொபெசர் கூப்பிட்டு, "இதை எங்கட மையத்தில வந்து சொல்லுவீரோ?" எண்டு கேட்டார். அப்பிடித்தான் நான் உள்ள போனது.

மையங்கள் பல விதம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின்ர றொட்மன் பள்ளியில 2012 இல தொடங்கின கிரியேட்டிவ் டிஸ்ட்ரக்ஷன் லாப், விஞ்ஞானத்தில இருந்து பிறக்கிற புதுக் கம்பனியளை வளர்க்கிறது. அதே பள்ளியில நடத்தைப் பொருளியல் மையமும் இருக்கு, சனம் காசு விசயத்தில ஏன் இப்பிடி முடிவெடுக்கினம் எண்டு பாக்கிறது. பேர் என்னவா இருந்தாலும், மானியம் எடுத்த புரொபெசருக்குத் தரவு சேர்க்க, துப்புரவாக்க, ஆக்களோட கதைக்க ஆள் வேணும். அந்த ஆள் நீராய் இருக்கலாம்.

எனக்குக் கிடைச்ச வேலை சீட்டு. ஓம், எங்கட சீட்டுத்தான். 20 பேர் மாசம் 500 டொலர் போட்டால் 10,000. அவசரக்காரர் 1,500 கழிவு கேட்டு 8,500 ஐக் கொண்டு போவினம், கழிவு மற்றவைக்குப் பிரியும். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் எண்ட மானிடவியலாளர் ஜாவாவில இதே மாதிரிச் சீட்டைப் பார்த்திட்டு, பொருளாதாரம் வளர வளர இது மறைஞ்சு வங்கி வந்திடும் எண்ட கருத்தில 1962 இல எழுதியிருந்தார். ரொறன்ரோவில எங்கட சனம் கூட இருக்கிற, சந்திக்குச் சந்தி வங்கியும் இருக்கிற ஸ்காபரோவில ஏன் மறையேல்லை எண்டதுதான் எங்கட கேள்வி.

ஆர்வத்தில ஓடிப்போய் ஆறு அன்ரிமாரோட கதைச்சுப் பதிஞ்சு கொண்டு வந்தன். அவ்வளவும் வீண். மனிசரிட்டக் கேள்வி கேக்க முதல் பல்கலைக்கழக நெறிமுறைச் சபையின்ர அனுமதி வேணும். எனக்கு அது தெரியாது. ஆறையும் அழிக்கச் சொல்லிச்சினம். அழுதனான். அனுமதி வந்தாப்பிறகு திரும்பப் போனால், சம்மதப் படிவத்தைக் கண்டிட்டு ஒரு அன்ரி பேனையைக் கீழ வைச்சிட்டா. "கையெழுத்தோ பிள்ளை? வரிக்காரருக்குப் போகுமோ?" அவவில பிழையில்லை. காகிதத்தில பேர் எழுதினதால என்னென்ன வந்தது எண்டு கண்ட சனம் நாங்கள். வாய்மொழியாச் சம்மதம் வாங்கிக் குறிச்சு வைக்கவும் விதியில இடம் இருக்கு எண்டு பிறகுதான் தெரிஞ்சது. அதைக் கேட்டு வாங்கினன், அவ மனம் திறந்து கதைச்சா. எங்கட மையத்தில அவவின்ர தயக்கம் ஏன் எண்டு விளங்கினது எனக்கு மட்டும்தான் தம்பி. நான் அங்க தேவைப்பட்ட ஆள் எண்டு முதல் முதல் உணர்ந்த நாள் அது.

உம்மட வாடகைக் கவலைக்கும் இதில வழி இருக்கு. வெளிநாட்டு மாணவர் படிக்கிற காலத்தில வெளிய கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், 2024 நவம்பரில இருந்து இதுதான் கணக்கு. கம்பஸுக்குள்ள செய்யிற வேலை அந்த 24 க்குள்ள வராது. மையத்தின்ர உதவியாளர் வேலை அப்பிடிப்பட்டது. இரவு முழுக்கக் கடையில நிண்டு விடிய வகுப்பில தூங்கின பிள்ளையளை நான் நிறையக் கண்டிட்டன்.

போன முதல் மாசமே மையத்துப் புரொபெசருக்கு ஒரு பக்கத்தில மின்னஞ்சல் எழுதும். ரெஸ்யூமே மட்டும் அனுப்பாதையும், உம்மட கேள்வி ஒண்டையும் எழுதும். சுன்னாகம் சந்தையில மாமாவின்ர வெங்காயக் கடையில கணக்கெழுதுறன் எண்டு சொன்னீர். தோட்டக்காரருக்கு முற்பணம் குடுக்கிறது, நிறுக்கேக்க பிடிக்கிற கழிவு, அதால வாற மனத்தாங்கல், விலை விழுந்தால் ஆர் நட்டத்தைச் சுமக்கிறது: இவ்வளவும் உம்மட கண் முன்னால நடக்குது. அங்க இதைக் கண்ணால கண்டவை ஒருத்தருமில்லை.

நான் வாற மாசம் 10 ஆம் திகதி மட்டும் இஞ்சதான் நிப்பன். ஒரு பின்னேரம் வாரும், அந்த மின்னஞ்சலை இருந்து எழுதுவம். வரேக்க கடையின்ர பழைய கணக்குக் கொப்பி ஒண்டைக் கொண்டு வாரும், மாமாவிட்டக் கேட்டுப்போட்டு.