புதுசா வரப்போற பழைய போர்விமான பிளாஸ்டிக் மொடல் கிட்டுகள்ல நீங்க எதுக்குக் காத்திருக்கிறீங்க? வாங்க முதல் என்ன பாக்கோணும்?

பரகூடா. ஃபெய்ரி பரகூடா, ரெண்டாம் உலக யுத்தத்தில பிரிட்டிஷ் கப்பல்கள்ல இருந்து பறந்த குண்டுவீச்சு விமானம். வேற எது வந்தாலும் சந்தோசம்தான், ஆனா ஒவ்வொரு ஜனவரியும் பிரிட்டிஷ் மொடல் கம்பனி எயார்ஃபிக்ஸ் அந்த வருசத்து லிஸ்ட்ட விடேக்க நான் முதல்ல தேடுறது இந்தப் பேரைத்தான். பெரிய கம்பனி ஒண்டு இத 1/72ல (உண்மைப் பிளேனில 72ல ஒரு பங்கு அளவில) புது அச்சில செய்யோணும் எண்டு கனகாலமா பாத்துக்கொண்டிருக்கிறன்.

ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் எல்லாம் இருக்க ஏன் இந்த வடிவில்லாத பிளேன் எண்டு கேப்பீங்க. நான் திருகோணமலை. 1944 ஏப்ரல் 19 சுமாத்திராப் பக்கம் சபாங் துறைமுகத்த அடிச்ச இலஸ்ட்ரியஸ், சரட்டோகா ரெண்டு விமானந்தாங்கிக் கப்பலும் எங்கட துறைமுகத்தில இருந்துதான் வெளிக்கிட்டது, இலஸ்ட்ரியஸ்ல இருந்து குண்டு போடப் போனது பரகூடா, காவலுக்குப் போனது கோர்செயர் எண்ட அமெரிக்கச் சண்டை விமானம். அடுத்த மாசம் ஜாவாவில சுரபாயாவ அடிக்கப் போகேக்க பரகூடாவ இறக்கிப்போட்டு அவெஞ்சர் எண்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்த ஏத்தினாங்கள், ஏனெண்டா அவ்வளவு தூரம் பறக்க அதுக்கு ஏலாது, இந்தப் பக்கத்து வெக்கையில எஞ்சினும் இழுக்காது. நிலாவெளி ரோட்டில இருக்கிற யுத்த மயானத்துக்குப் போய் கல்லில இருக்கிற வயசுகளப் பாருங்க, இருபது இருபத்திரண்டு வயசுப் பெடியங்கள். அவங்கள் பறந்த பிளேன் மேசையில ஒழுங்கா ஒண்டு இருக்கோணும் எண்டு எனக்கு ஆசை.

இதில இன்னொரு விசயம் இருக்கு. கிட்டத்தட்ட 2,600 பரகூடா கட்டினாங்கள், இண்டைக்கு முழுசா ஒண்டுகூட மிச்சம் இல்ல. இங்கிலாந்தில யோவில்டன் மியூசியம் ஒண்டத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்குது, 1944ல வட அயர்லாந்தில சேத்து நிலத்துக்க விழுந்து 1971ல தோண்டி எடுத்த உடைஞ்ச பிளேன் அது. இப்ப பெரிய கம்பனிகள் நல்ல கிட் செய்யிற முறை என்னெண்டா மியூசியத்தில நிக்கிற பிளேன லேசரால ஸ்கேன் பண்ணி, அந்த அளவ வச்சுத்தான் அச்சு வெட்டுறது, எயார்ஃபிக்ஸ்ன்ர டிஃபயன்ட் போர்விமான கிட் அப்பிடித்தான் வந்தது. ஸ்கேன் பண்ண முழு பிளேன் இல்லாததுக்குப் பழைய வரைபடத்தையும் போட்டோவையும் வச்சு மினக்கெட ஆர் முன்வருவாங்கள்? அதாலதான் அந்த மியூசிய வேலை முன்னேற முன்னேற எனக்கு நம்பிக்கை கூடுது.

இப்ப கையில கிடைக்கிறது எண்டா செக் நாட்டு ஸ்பெஷல் ஹொபி கம்பனி 72ல செய்திருக்கிறாங்கள். நல்ல கிட்தான், மரியாதை இருக்கு, ஆனா ஷோர்ட் ரன் (கொஞ்ச எண்ணிக்கையில மட்டும் வார்க்கிற அச்சு) எண்டபடியா துண்டுகள் தானாப் பொருந்தாது, நீங்கதான் அரம் போட்டு, பட்டி வச்சு, திருப்பிப் பொருத்திப் பாத்து வேலை செய்யோணும். அதுக்கு முந்தின, ஃப்ரொக் எண்ட பழைய பிரிட்டிஷ் கம்பனி காலத்து அச்சு இப்ப சேகரிக்கிற ஆக்களுக்குத்தான்.

வாங்க முதல் என்ன பாக்கோணும் எண்டதுக்கு வாறன். முதலாவது, "புதுசு" எண்டு பெட்டியில போட்டிருந்தா புது அச்சா, இல்லாட்டி பழைய அச்ச புதுப் படத்தோட விக்கிறாங்களா எண்டு பாருங்க, ஸ்கேல்மேட்ஸ் தளத்தில கிட் பேரப் போட்டா எந்த அச்சு எந்த வருசத்தில இருந்து வருது எண்டு வடிவாக் காட்டும். பேந்து டெஸ்ட் ஷொட் (அச்சில முதல்ல வார்த்துப் பாக்கிற துண்டுகள்) போட்டோ வரும் வரைக்கும் பொறுங்க, கம்ப்யூட்டர் படத்தில எல்லாம் அழகாத்தான் இருக்கும். பரகூடா எண்டா நான் நேரா இறக்கைக்குப் பின்னால போவன், அங்க யங்மன் ஃப்ளாப் எண்ட அசையிற தகடு இறக்கைக்குக் கீழ தனியாத் தொங்கும், டைவ் அடிக்கேக்க அதையே திருப்பி பிரேக் மாதிரிப் பாவிக்கிறது. அதால வாற காத்து வால ஆட்டுது எண்டுதான் வால் இறக்கைய மேல ஏத்தினாங்கள். அந்த ஃப்ளாப்ப தனித் துண்டா, விளிம்பு மெல்லிசா தந்தாங்கள் எண்டா கம்பனி பிளேன விளங்கிச் செய்திருக்கு எண்டு அர்த்தம். இறக்கையோட ஒட்டினபடி ஒரே கட்டையா வந்தா நான் வாங்கமாட்டன்.

கோர்செயருக்கும் இப்பிடி ஒண்டு இருக்கு, பிரிட்டிஷ் கப்பலுக்க பிளேன் நிப்பாட்டிற ஹாங்கரின்ர கூரை உயரம் குறைவு எண்டபடியா மடிச்சு வைக்க ஏலாம ரெண்டு இறக்கை நுனியிலயும் 8 அங்குலம் வெட்டினாங்கள். 72ல அது 3 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, ஆனா கண்ணுக்குப் பிடிபடும், அமெரிக்க இறக்கைய வச்சு பிரிட்டிஷ் டெக்கல் (ஒட்டுற அடையாளப் படம்) மட்டும் போட்டுத் தாறதுகளும் இருக்கு, கவனம். டெக்கல்ல இன்னொண்டு, இந்தப் பக்கம் பறந்த பிரிட்டிஷ் பிளேனில வட்டத்துக்கு நடுவில இருந்த சிவப்ப எடுத்திட்டாங்கள், ஜப்பான்காரன்ர சிவப்பு வட்டம் எண்டு நினைச்சு சொந்த ஆக்களே சுட்டுடக்கூடாது எண்டு. 1944 திருகோணமலை பிளேன் எண்டு சொல்லி நடுவில சிவப்போட தந்தா அது தேடிப் பாக்காமச் செய்தது.

பரகூடா வரும் வரைக்கும் சும்மா இருக்கத் தேவையில்ல. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் சீனன்குடா விமானத்தளத்தையும் துறைமுகத்தையும் அடிச்ச அண்டைக்கு மேல எழும்பினது 261ம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேனும் 273ம் ஸ்குவாட்ரன் ஃபுல்மாரும், ரெண்டும் பிரிட்டிஷ் சண்டை விமானம், ஹரிக்கேனுக்கு போலந்து ஆர்மா ஹொபி 72ல செய்ததுதான் என்ர தெரிவு. வந்து அடிச்ச ஜப்பான் பிளேன்கள், குண்டு போடுற கேட், சண்டை போடுற சீரோ ரெண்டும் எயார்ஃபிக்ஸ்ல இருக்கு, அண்டைக்கு ஒரு ஜப்பான் பிளேன் மோதி எரிஞ்ச எண்ணெய்த் தாங்கி உருகி வளைஞ்சபடி இண்டைக்கும் இங்க நிக்குது. அதே நாள் மட்டக்களப்புக்கு வெளியால கடலுக்க தாண்டு போன பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹேர்மிஸ் கப்பல்ல பிளேனே இல்ல, அதிண்ட ஸ்வோர்ட்ஃபிஷ் பிளேன் எல்லாம் சீனன்குடாவில தரையில நிண்டது. அந்த ஸ்வோர்ட்ஃபிஷ்ஷ 72ல எயார்ஃபிக்ஸ் புது அச்சில விட்டது, இறக்கைய மடிச்சும் கட்டலாம். ஃபுல்மார் மட்டும் 72ல இன்னும் நல்லதா ஒண்டு வரோணும், என்ர லிஸ்ட்ல அது ரெண்டாவது.

இலங்கையில இருந்து கேக்கிறீங்க எண்டா கிட்டுகள லண்டன், கனடாவில இருந்து வாற சொந்தக்காரரிட்ட சொல்லி எடுக்கிறது சுகம், பெயின்ட் மட்டும் அப்பிடி ஏலாது, எனாமலும் தின்னரும் தீப்பிடிக்கிற சாமான், பிளேனில ஏத்தமாட்டாங்கள். தண்ணியில கரைக்கிற அக்ரிலிக் பழகுங்க. ஹார்ட்வெயார் கடைத் தின்னர் பிளாஸ்டிக்க உருக்கிப்போடும். மாரி மழைக்க லக்கர் அடிக்காதீங்க, ஈரத்துக்கு வெள்ளை பூத்திடும், பங்குனி வரட்டும்.

முன்பதிவுக்கு அவசரப்பட வேண்டாம், அறிவிச்ச திகதி தள்ளிப் போறது வழமை.