கேன்வாஸ் விளையாட்டு எழுத நேரடியாக எஞ்சினில் இறங்கலாமா?

ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும், உலாவியில் ஓடும் எளிய விளையாட்டு ஒன்றை உருவாக்க வேண்டும், ஃபேசர் போன்ற எஞ்சினில் (விளையாட்டுக்கான பொது வேலைகளைத் தயாராகச் செய்து தரும் நிரல் தொகுப்பு) நேரடியாக இறங்கலாமா அல்லது வெறும் கேன்வாஸில் (உலாவிப் பக்கத்தில் நிரலால் படம் வரையும் பரப்பு) தொடங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் விளையாட்டை மட்டும் எஞ்சின் இல்லாமல் எழுதுங்கள், இரண்டாவதிலிருந்து தயங்காமல் எஞ்சினைப் பயன்படுத்துங்கள் என்பேன். கேன்வாஸில் செவ்வகம் வரைவதையும் படத்தை ஒட்டுவதையும் ஒரே மாலையில் கற்றுவிடலாம். ஆனால் விளையாட்டுக்குள் நேரம் எப்படி ஓடுகிறது என்பது, நகர்த்துவதையும் வரைவதையும் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சியை நாமே கைப்பட எழுதும்போதுதான் பிடிபடுகிறது.

நான் முதலில் எழுதியது, மட்டையால் பந்தைத் தட்டிச் செங்கற்களை உடைக்கும் விளையாட்டு. ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் என்ற வசதி வழியாக, திரையின் புதுப்பிப்புக்கு ஏற்ப உலாவி என் ஃபங்ஷனை அழைக்கும் ஒவ்வொரு முறையும் திரையைத் துடைத்து, பந்தை 4 பிக்சல் நகர்த்தி, எல்லாவற்றையும் மீண்டும் வரைந்தேன். என் கணினியில் அருமையாக ஓடிய அதே விளையாட்டை நண்பரின் கணினியில் திறந்தபோது, மட்டையை நகர்த்துவதற்குள் பந்து கீழே போய்விட்டது. என் திரை வினாடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்வது, அவருடையது 144 முறை. என்னிடம் வினாடிக்கு 240 பிக்சல் சென்ற பந்து அவரிடம் 576 பிக்சல் பாய்ந்திருக்கிறது. உலாவி ஒவ்வொரு அழைப்பிலும் மில்லிவினாடிக் கணக்கில் நேரத்தையும் சேர்த்தே தருகிறது. அதிலிருந்து முந்தைய அழைப்பின் நேரத்தைக் கழித்து, 1000 ஆல் வகுத்து, வந்த விடையை 240 ஆல் பெருக்கிய அளவுக்கு மட்டும் பந்தை நகர்த்தினால் எந்தத் திரையிலும் வேகம் ஒன்றாக இருக்கும்.

இதோடு முடிந்துவிடவில்லை. பயனர் வேறு தாவலுக்குப் போனால் உலாவி இந்த அழைப்புகளை நிறுத்திவிடுகிறது. 30 வினாடி கழித்து அவர் திரும்பி வந்ததும், கடந்த நேரம் முழுவதும் ஒரே ஃபிரேமின் (ஒருமுறை வரையும் காட்சியின்) கணக்கில் விழுந்து, பந்து 7200 பிக்சல் தள்ளிப் போய் நிற்கும். ஆகவே ஒரு ஃபிரேமுக்கு 0.05 வினாடிக்கு மேல் கணக்கில் எடுக்காதீர்கள்.

மூன்றாவது சிக்கல்தான் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. பந்தின் வேகத்தை வினாடிக்கு 1500 பிக்சலாகக் கூட்டியபோது, அது சில செங்கற்களை உடைக்காமலே அவற்றின் ஊடாகச் சென்றது. வினாடிக்கு 60 ஃபிரேம் கணக்கில் பந்து ஒரே பாய்ச்சலில் 25 பிக்சல் கடக்கிறது. செங்கல்லின் கனம் 16, பந்தின் அகலம் 8, கூட்டினால் 24. ஒரு ஃபிரேமில் செங்கல்லுக்கு முன்னால் இருக்கும் பந்து அடுத்த ஃபிரேமில் அதற்குப் பின்னால் இருக்க முடியும், அப்போது மோதல் சோதனையில் எந்தப் பிழையும் இல்லாமலே மோதல் தவறிப்போகிறது. கடந்த நேரத்தை ஒரு மாறியில் சேர்த்துக்கொண்டே வந்து, அதிலிருந்து வினாடியில் 120இல் ஒரு பங்கு எனச் சம துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் நகர்வையும் மோதலையும் சோதித்தேன். ஒரு பாய்ச்சல் 12.5 பிக்சலாகக் குறைந்தது, செங்கற்கள் ஒழுங்காக உடைந்தன.

இவற்றை ஒருமுறை அனுபவித்துவிட்டு எஞ்சினுக்கு வந்தால், அது செய்து தருவது என்ன என்பது தெளிவாகத் தெரியும். 2013இல் வெளிவந்த ஃபேசரின் இன்றைய வடிவத்தில், நகர்வையும் மோதலையும் கவனிக்கும் ஆர்கேட் இயற்பியல் பகுதி இயல்பாகவே வினாடிக்கு 60 சம துண்டுகளில் ஓடுகிறது, வேகத்தை வினாடிக்கு இத்தனை பிக்சல் என்றே கேட்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஃபேசர் அழைக்கும் அப்டேட் ஃபங்ஷனுக்கு டெல்டா என்ற பெயரில் கடந்த மில்லிவினாடிகளும் வந்து சேர்கின்றன. புதியவர்கள் பலர் எங்கோ படித்த நினைவில் வேகத்தையும் டெல்டாவால் பெருக்கிவிடுகிறார்கள். அப்போது 60 ஹெர்ட்ஸ் திரையில் 240 என்பது ஏறத்தாழ 4000 ஆகிறது, 144 ஹெர்ட்ஸ் திரையில் ஏறத்தாழ 1667 ஆகிறது. வேகமான திரையில் பாத்திரம் மெதுவாக நடக்கும் இந்த விசித்திரத்தின் காரணம், சுழற்சியைச் சொந்தமாக எழுதியவருக்கு உடனே விளங்கிவிடும்.

மற்றவை சிறு விஷயங்கள். பயனர் ஒருமுறையாவது சொடுக்கும் வரை உலாவிகள் பொதுவாக ஒலியை அனுமதிப்பதில்லை, எனவே தொடக்கப் பொத்தான் ஒன்றை வையுங்கள். கோப்பை நேரடியாகத் திறந்தால் ஃபேசரில் படங்கள் ஏறாமல் போகலாம், ஆகவே உங்கள் கணினியிலேயே ஒரு சிறு சர்வரை இயக்கிச் சோதியுங்கள். பிறர் எழுதிய நிரலைப் படிக்க விரும்பினால், 2012 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ஜேஎஸ்13கே போட்டியின் விளையாட்டுகளைப் பாருங்கள். சுருக்கிய கோப்பு 13 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.

கைப்பட எழுதிய விளையாட்டு முடிந்ததும் புதிய யோசனைக்குத் தாவாமல், அதே மட்டையையும் பந்தையும் ஃபேசரில் மறுபடி எழுதி, இரண்டு நிரல்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். என் நிரலில் சுழற்சியும் மோதல் சோதனையும் அடியோடு காணாமல் போயின. மட்டையின் எந்த இடத்தில் பட்டால் பந்து எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்ற பத்துப் பன்னிரண்டு வரிகள் மட்டும் ஏறக்குறைய மாறாமல் இருந்தன.