பையர் வருகிறார், விருந்தை எங்கே வைப்பது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்து வருகிறேன். எங்களிடம் துணி வாங்கும் இங்கிலாந்து பையர் நிறுவனத்திலிருந்து ஐந்து பேர் ஜனவரியில் வருகிறார்கள். வந்து இறங்கும் நாள் இரவே கோவையில் நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் பஃபே விருந்து வைத்துவிடலாம் என்கிறான் என் தம்பி. வீட்டிலேயே இலை போட்டுக் கொங்குச் சாப்பாடு பரிமாறலாம் என்கிறார் என் மனைவி. எது பொருத்தமாக இருக்கும்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இடத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வருகிற ஐந்து பேரில் யார் எதைச் சாப்பிட மாட்டார்கள், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று இரண்டு வாரங்களுக்கு முன்பே ஆர்டர் விஷயமாகப் பையரோடு தொடர்பில் இருக்கும் உங்கள் மெர்ச்சண்டைசர் மூலம் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வாமை தரக்கூடிய 14 உணவுப் பொருள்களைப் பற்றி உண்பவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது அவர்கள் நாட்டுச் சட்டம். அந்தப் பட்டியலில் நிலக்கடலையும் எள்ளும் இருக்கின்றன, கடுகும் இருக்கிறது. கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் புழங்குகிற, தாளிப்பு என்றாலே கடுகுதான் என்றிருக்கிற நம் சமையலறைக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. செக்கில் ஆட்டிய எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று பெருமையாகப் பரிமாறுவோம். ஆனால் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் அதில்தான் தங்கியிருக்கும். கோதுமை சேராதவர் ஒருவர் இருந்தால், கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அரிசிச் சோறும் சாம்பாரும்தானே என்று நாம் நிம்மதியாக இருக்கும் இடத்தில்தான் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

'வெஜிடேரியன்' என்று எழுதுகிறவர் முட்டை சாப்பிடக்கூடும். 'வீகன்' என்று எழுதுகிறவருக்கோ நெய், தயிர், மோர் எதுவும் ஆகாது. ஹலால் இறைச்சி வேண்டுமா என்பதையும் பெயரை வைத்து ஊகிக்காமல் கேட்டே தெரிந்துகொள்ளுங்கள்.

இனி இடத்துக்கு வருகிறேன். ஐந்து விருந்தினர்தான் என்பதால் என் ஓட்டு உங்கள் மனைவிக்கு. எந்தப் பாத்திரத்தில் என்ன சேர்ந்தது என்று வீட்டில் சமைத்தவருக்குத் தெரியும். பஃபேயில் ஒரு பாத்திரத்துக் கரண்டி அடுத்த பாத்திரத்துக்குள் போய்விட்டால், அட்டையில் எழுதி வைத்த விவரத்துக்குப் பொருளில்லாமல் போகிறது. இலையை மேசை மேல் போடுங்கள், கரண்டியும் முள்கரண்டியும் கேட்காமலே பக்கத்தில் வைத்துவிடுங்கள். கையால் சாப்பிட விரும்புகிறவர் தாமே தொடங்குவார். பள்ளிபாளையம் சிக்கனில் மிளகாயைக் குறைக்கச் சொல்லாதீர்கள், குறைத்தால் அது வேறு ஏதோ ஒரு கோழிக்கறியாகிவிடும். அதை ஒரு கிண்ணத்தில் கொஞ்சமாக வைத்து, இடியாப்பம் போன்ற சந்தகையும் தேங்காய்ப்பாலும், அரிசிம்பருப்புச் சாதமும், கடைசியில் ஒப்பிட்டு என்கிற போளியுமாகக் காரமில்லாதவற்றை முன்னால் நிறுத்தினால் போதும். பதினெட்டு வகை வேண்டியதில்லை.

இறங்கிய அன்றே விருந்து வேண்டாம். தொழிற்சாலையைப் பார்த்து முடிக்கும் இரண்டாம் நாள் மாலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். அவர்கள் கோவையில் தங்கினால் திரும்பிப் போக 50 கிலோமீட்டர் அளவுக்குப் பயணம் இருக்கிறது, எனவே ஒன்பது மணிக்குள் கை கழுவிவிட வேண்டும். பொங்கலை ஒட்டிய நாள்களைத் தவிருங்கள்; சமையலுக்கும் வண்டிக்கும் ஆள் கிடைப்பது கடினம். விருந்துக்குப் பின் ஹோட்டல் மதுக்கூடத்துக்கு அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால், திருவள்ளுவர் நாளிலும் குடியரசு நாளிலும், தைப்பூசத்தன்று வரும் வள்ளலார் நினைவு நாளிலும் மதுக்கூடங்கள் மூடியிருக்கும் என்பதை முன்கூட்டியே காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களை அழைத்து வந்த ஓட்டுநருக்கும் அதே சாப்பாட்டை அதே நேரத்தில் போட்டுவிடுங்கள். அவர் வெளியே பசியோடு காத்திருப்பதை விருந்தினர் கவனிப்பார்கள், சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: பிரிட்டனிலிருந்து வரும் பையரோடு சாப்பிடும்போதே அடுத்த ஆர்டரின் விலையைப் பேசி முடிக்கலாமா? கிளம்பும்போது பட்டுப் புடவையோ வெள்ளி விளக்கோ கொடுப்பது வழக்கம்தானே?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: விலையை அலுவலகத்தில் பேசுங்கள். அவர்களாகவே எடுத்தாலும், "நாளைக் காலையில் கணக்கோடு உட்காருவோம்" என்று சிரித்தபடி தள்ளிவிடலாம். வெள்ளி விளக்கைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சத் தடுப்புச் சட்டம் அளவான, நியாயமான உபசரிப்பைத் தடுக்கவில்லை. ஆனால் பல நிறுவனங்கள் தம் ஊழியர் வாங்கக்கூடிய பரிசுக்குத் தாமே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. விலை உயர்ந்த பரிசைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் சங்கடத்தை அவர் தலையில் கட்டுகிறீர்கள். கடையில் பில் போடும் முன், ஊழியர் பரிசைப் பெற்றுக்கொள்ளலாமா என்று அவர்கள் அலுவலகத்திலேயே கேட்டுவிடலாம், அல்லது ஒரு பெட்டி முறுக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். முறுக்கிலும் எள் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜவுளித் தொழில் செய்கிறேன். வாடிக்கையாளர் விருந்துக்கான ஹோட்டல் பில்லில் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: உங்களைப் போன்ற ஜவுளித் தொழிலில் இருப்பவர் எடுக்க முடியாது. உணவு, பானம், வெளியிடச் சமையல் (கேட்டரிங்) ஆகியவற்றுக்குக் கட்டிய வரியை மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுத்துவிடுகிறது. பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தாலும் நிலை அதுதான். தனி உணவகத்தில் வரி 5 சதவீதம், அறை வாடகை அதிகமுள்ள பெரிய ஹோட்டல்களின் உணவகங்களில் 18 சதவீதம் என்பதால், அந்த வேறுபாடு முழுவதும் உங்கள் செலவாகவே நிற்கும். வருமான வரிக் கணக்கில் இதைத் தொழில் செலவாகக் காட்டலாம். ஆனால் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு ஏற்கப்படாது. வங்கி வழியாகவே கட்டுங்கள், யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்பதைப் பில்லின் பின்புறம் எழுதி வையுங்கள்.

அதே பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' தானாகச் சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லலாம். அப்படிக் கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நெறிமுறை வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. விருந்தினர் எதிரில் இதைப் பேச வேண்டியிராமல், மேசையைப் பதிவு செய்யும் நாளிலேயே மேலாளரிடம் சொல்லி, பில்லை உங்கள் கணக்கருக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள்.