எம்.இ. முடித்துவிட்டு ஐடிஐ-யில் பயிற்றுநராகப் போவது கேவலமா?

கேவலமே இல்லை. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருந்துகொண்டு, "ஐடிஐ-க்கா போறே?" என்று வீட்டில் கேட்டதில் நொந்துபோய்த்தான் இந்தக் கேள்வியைப் போட்டிருப்பீர்கள். நானும் எம்.இ. மெக்கானிக்கல்தான். இப்போது ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநர்.

கல்லூரியில் நான் பாடம் நடத்தியதைவிட நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுக்குக் கோப்பு எழுதியதும், மே மாத வெயிலில் அட்மிஷனுக்காக ஊர் ஊராக அலைந்ததும்தான் அதிகம். எல்லாக் கல்லூரியும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஃபிட்டர் இரண்டு வருடப் படிப்பு, ஒரு பிரிவுக்கு 20 பேர். ஆரம்பத்தில் வைஸ் என்கிற பிடிப்புக் கருவியில் இரும்புத் துண்டை மாட்டி அரத்தால் ராவுவதுதான் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு அரம் மேலும் கீழும் ஆடும். ஓரம் தேய்ந்து நடு மேடாக நின்றுவிடும். போன பேட்சில் ஒரு பையன், பத்தாவதில் தட்டுத்தடுமாறித் தேறியவன், எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வான். அவன் ராவிய துண்டின் மேல் ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது, அதாவது ஓரம் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. தள்ளத் தொடங்கும்போது இடது கையில் அழுத்தம், அரம் முன்னே போகப் போக அது வலது கைக்கு மாற வேண்டும் என்று அவன் கைமேல் கை வைத்துக் காட்டினேன். சாப்பாட்டு நேரத்திலும் ராவிக்கொண்டிருந்தான். வெளிச்சம் அடைபட்ட அன்று, பக்கத்து வைஸில் நின்றவனுக்கு அவனே "முழங்கைய ஆட்டாதடா" என்று சொல்லிக்கொடுத்தான். அதுவரை வாயே திறக்காதவன்! கல்லூரியில் எனக்கு இப்படி ஒரு நாள் வாய்த்ததே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பயிற்றுநர் வேலைக்கு டிகிரி என்றால் ஓராண்டு அனுபவம் கேட்பார்கள், டிப்ளமோ என்றால் இரண்டு. கூடவே பயிற்றுநர்களுக்கான சி.ஐ.டி.எஸ். என்கிற ஓராண்டுப் பயிற்சி வேண்டும். கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் நடக்கிறது. அதை முடிக்காமல் போனால் அடிமாட்டுச் சம்பளம்தான் பேசுவார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய கல்லூரி ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, விலகும்போது மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் திருப்பித் தருவோம் என்றது. படித்த படிப்பை அடகு பிடிக்க இவர்கள் யார்? அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. உங்கள் சான்றிதழும் அப்படி உள்ளே இருந்தால், ராஜினாமா பேச்சை எடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சி.ஐ.டி.எஸ். சேர்க்கைக்கு ஒரிஜினல் இல்லாமல் முடியாது.