தாமதமாக வந்தது யார்?

வணக்கமுங்க ஐயா,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். ஒன்றரை ஷிப்டு முடிந்து இரண்டு பேரும் வீடு வந்து சேர ராத்திரி 9 மணி ஆகிவிடும். மகள் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். சாயங்காலம் என் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார்.

ஜூன் மாதம் பள்ளியில் விதிமுறைகள் என்று நாலு பக்கத் தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். முழுக்க இங்கிலீஷ். படிக்காமலே போட்டுக் கொடுத்துவிட்டேன். போன வாரம் வேனை விட்டுவிட்டோம். அவங்கப்பா வண்டியில் கொண்டுபோய் விடும்போது 10 நிமிஷம் லேட். முதல் பீரியட் முடிகிற வரைக்கும் பாப்பாவை வகுப்புக்கு வெளியில் நிற்க வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள்.

ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) ரெண்டு நாள் போனதற்குக் காய்ச்சல் என்று லீவ் லெட்டர் கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பிக் கூட்டி வரச் சொன்னால் விட மாட்டேன் என்கிறார்கள். வீட்டுப்பாடம் முடியாமல் நானே பாதி எழுதித் தருகிறேன். வீட்டில் இங்கிலீஷ்தான் பேச வேண்டுமாம். ஆபீசில் கேட்டதற்கு, பிடிக்கவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். என் வீட்டுக்காரரோ, "கண்ணு ரெண்டை விட்டுட்டு மிச்சத்தை உரிச்சாலும் சரிதான், புள்ள படிச்சாப் போதும்" என்கிறார். இதில் எதற்கெல்லாம் நாங்கள் கட்டுப்பட வேண்டும், எதற்கு முடியாது என்று சொல்லலாம்? எனக்குத் தெரியவில்லைங்க.

பெயர் வேண்டாமுங்க,
திருப்பூர்

*

அன்புள்ள அம்மணிக்கு,

பாப்பா வெளியில் நின்றாள் என்ற வரியை நான் பல முறை படித்தேன். 7 வயதுக் குழந்தை அலாரம் வைப்பதில்லை. அடுப்புப் பற்ற வைப்பதில்லை. தலை பின்னிக்கொள்வதில்லை, வேன் ஓட்டுவதும் இல்லை. அன்று தாமதமாக வந்தது நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும்தான். நின்றது அவள்.

தொடக்கப்பள்ளி விதிகள் ஏறக்குறைய எல்லாமே பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலைகள். நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவது, நோட்டுக்கு அட்டை போடுவது, கட்டணம் கட்டுவது, டைரியில் கையெழுத்துப் போடுவது, நகம் வெட்டிவிடுவது என்று எதை எடுத்தாலும் பெரியவர் கைபடாமல் நடக்காது. ஆகவே ஒரு விதி மீறப்பட்டால் பள்ளி பேச வேண்டியது உங்களிடம். அதே காரணத்தால், நியாயமான விதியைக் காப்பாற்றும் பொறுப்பும் முழுக்க உங்களுடையது. இந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளியோடு சண்டைக்குப் போக முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009-இல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனதால் வதைப்பதையும் தடை செய்கிறது. ஒரு குழந்தையைப் பாடம் கேட்க விடாமல், மற்ற பிள்ளைகள் பார்க்க வாசலில் நிறுத்துவது தண்டனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே சட்டத்தின் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. இரண்டும் பொதுவாகத் தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னதைக் கேட்டு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. நீங்களாகக் கேட்காமல் அவர்களாக அதைக் கொடுத்து அனுப்ப முடியாது.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைக் கொங்குப் பக்கம் எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறேன். மகள் மேல் அன்பில்லாதவர் சொல்லும் சொல் இல்லை அது. தான் படிக்க முடியாமல் போன வருத்தத்தில் சொல்கிறார். ஆனால் பாப்பாவின் காதில் அது வேறு மாதிரி விழும். பள்ளியில் யாராவது என்னை என்ன செய்தாலும் அப்பா கேட்க மாட்டார் என்று அவள் எடுத்துக்கொள்வாள். நாளைக்கு அவளுக்கு வெளியில் சொல்ல முடியாத தொல்லை ஏதாவது நேர்ந்தால், வீட்டில் வாய் திறக்க வேண்டுமே. அந்தப் பேச்சை அவள் முன்னால் பேச வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். டீச்சரிடம் சொல்லி அடிக்கச் சொல்கிறேன் என்று அமுச்சி, அதாவது உங்கள் அம்மா, மிரட்டினாலும் இதே கணக்குத்தான்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். வேனை விட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 9 மணிக்கு வீடு வருகிறீர்கள். சோறாக்கிச் சாப்பிட்டு, மகளிடம் நாலு வார்த்தை பேசி, வீட்டுப்பாடத்தை முடிக்க 11 ஆகும். காலையில் 6 மணிக்கு எழுப்பினால் அவளுக்குக் கிடைப்பது 7 மணி நேரத் தூக்கம். 6 வயதிலிருந்து 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. தினமும் 2 மணி நேரம் குறைந்தால் காலையில் எழுப்ப முடியாது, சாப்பிட மாட்டாள், சட்டை மாட்டும்போது அழுவாள், வகுப்பில் கண் சொக்கும். பள்ளிக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும்.

இதைச் சொல்வது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் அந்த ராத்திரி 2 மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கிற மகள். நாள் முழுக்கத் துணியைப் புரட்டிப் புரட்டிப் பிசிறும் ஓட்டையும் பார்த்துவிட்டு வருகிற அம்மாவிடம், நீ வருவதற்குள் பிள்ளை தூங்கிவிட வேண்டும் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்கிறேன். அமுச்சி 7 மணிக்கெல்லாம் சாப்பாடு போட்டு, 9 மணிக்கு விளக்கை அணைக்கட்டும். நீங்கள் வரும்போது அவள் கண் மூடும் நேரமாக இருந்தால் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள், அது போதும். பேச்சைக் காலைக்கு மாற்றுங்கள். 9 மணிக்குத் தூங்கிய குழந்தை 6 மணிக்குத் தானாக எழும். தலை பின்னும் அந்தக் கால் மணி நேரத்தில், அரைத்தூக்கத்தில் ராத்திரி சொல்வதைவிட அதிகமாகவே பேசுவாள். சம்பளம் வாங்கும் சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் உங்களுடையவை. ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாகும் காலம் வந்தால் எல்லாம் மாறும். அது உங்கள் கையில் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பையன் விஷயத்தில் பள்ளியின் பக்கம்தான் நிற்கிறேன். பதிவு செய்த ஆளிடம் மட்டும் குழந்தையை ஒப்படைக்கும் விதியை ஒரு நாளும் தளர்த்தச் சொல்லாதீர்கள். வாசலில் நிற்கிறவர் கோபித்துக்கொள்வாரே என்று பார்க்காமல் மறுத்த பள்ளிக்காரர்களுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவின் பெயரையும் படத்தையும் பள்ளியில் பதிந்து வையுங்கள். அவசரத்துக்கு இன்னொரு பெரியவரின் பெயரும் இருக்கட்டும். இந்த மாநிலத்தில் பள்ளிப் பாதுகாப்பு விதிகள் சும்மா வரவில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் போனார்கள். 2012-இல் சென்னையில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை இறந்தது. அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. ஓட்டுநர் போக ஓர் உதவியாளர் வண்டியில் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. உங்கள் வேனில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். விதித்தாளில் உங்களுக்கு மட்டும் கட்டளைகள் இருக்க வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை.

காய்ச்சலோடு அனுப்பக் கூடாது என்பதும் கேட்டு நடக்க வேண்டிய விதிதான். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால் சிரப் கொடுத்து வேனில் ஏற்றிவிடுகிற வழக்கம் வேலைக்குப் போகிற வீடுகளில் நிறைய உண்டு. நாலைந்து மணி நேரத்தில் மருந்தின் வேகம் குறைந்து, மதியச் சோற்று நேரத்தில் குழந்தை மறுபடி அனலாகக் கொதிக்கும். லீவு போட்டால் கூலி போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அதே வகுப்பில் இன்னும் 30 வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களின் அம்மாக்களுக்கும் கூலிதான் வருமானம். அம்மை போட்டால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பக்குக் கட்டும்வரை அனுப்பவே வேண்டாம்.

நோம்பிக்குக் காய்ச்சல் என்று எழுதியது வேண்டாத வேலை. கோபிப் பக்கம் பாரியூர்க் குண்டம், ஈரோட்டில் கம்பம், பண்ணாரியில் பூமிதி, உங்களுக்கு அவினாசித் தேர் என்று வருஷத்தில் ஏதாவது ஒன்று பள்ளி நாளில்தான் வந்து விழும். பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள். அப்புச்சி (தாத்தா) தோள் மேல் உட்கார்ந்து தேர் பார்ப்பதும் படிப்புதான். ஆனால் முன்கூட்டியே உள்ளதை எழுதிக் கொடுங்கள்: குலதெய்வத்துக்கு நோம்பி, இன்ன தேதி வரமாட்டாள். நீங்கள் காய்ச்சல் என்று எழுதிவிட்டீர்கள். அடுத்த நாள் டீச்சர் அன்பாக, "இப்பத் தேவலையா கண்ணு?" என்று கேட்கும்போது உள்ளங்கை மருதாணியை மறைத்துக்கொண்டு தலையாட்ட வேண்டியவள் அவள்தானே. தொடக்கப்பள்ளிக்குச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு வருஷத்துக்கு 200 வேலை நாள். அதில் நோம்பிக்கு 2 நாள் போவதால் ஒன்றும் கெட்டுவிடாது. மாதம் 4 நாள் சின்னச் சின்னக் காரணத்துக்காகப் போனால்தான் கெடும்.

வீட்டுப்பாடத்தை இன்றோடு நீங்கள் எழுதுவதை நிறுத்துங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. இந்த இரண்டு வகுப்புகளுக்கும் பை 1.6 முதல் 2.2 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. வீட்டுத் தராசில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். உங்கள் கையெழுத்தில் பாதிப் பக்கம் நிறைந்தால், பாப்பாவுக்கு என்ன வரும், என்ன வராது என்று டீச்சருக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பதில் தினமும் 10 நிமிஷம் அமுச்சிக்கு அவள் தமிழ்ப் பாடம் வாசித்துக் காட்டட்டும். அமுச்சிக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் கதை தெரியும், தப்பாக வாசித்தால் கண்டுபிடித்துவிடுவார்.

வீட்டில் இங்கிலீஷ் பேச வேண்டும் என்ற விதியைச் செய்ய மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. உங்கள் வீட்டில் பாப்பாவோடு அதிக நேரம் பேசுவது உங்கள் அம்மா. அவர் வாயை அடைத்துவிட்டு, உங்களுக்கே பழகாத பாஷையில் "கம்", "ஈட்", "ஸ்லீப்" என்று நாலு சொல்லோடு ஒரு குழந்தையை வளர்க்க முடியாது. இங்கிலீஷ் கற்றுத் தரத்தான் கட்டணம் வாங்குகிறார்கள், அந்த வேலையைப் பள்ளி செய்யட்டும். எந்தக் கிழமை எந்தப் பலகாரம் என்று பட்டியல் போட்டிருந்தாலும் இதையே சொல்வேன். பாக்கெட் தின்பண்டம் வேண்டாம் என்றால் கேளுங்கள். அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவரக் கூடாது என்றால் கேட்க வேண்டியதில்லை. ரிப்பன் நிறம், நோட்டு அட்டை போன்ற சில்லறைகளில் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். செய்துவிட்டுப் போய்விடலாம்.

இதையெல்லாம் யாரிடம், எப்படிச் சொல்வது? அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்களைப் போன்ற ஓர் அம்மா அங்கே நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் காலைச் சாப்பாடும் போடுகிறார்கள். 7 மணிக்கே வேலைக்குக் கிளம்புகிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டணமும் வேனும் கழுத்தை நெரிக்கிற நாள் வந்தால் வீட்டுப் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். மிரட்டலுக்குப் பயந்து மாற்ற வேண்டாம், உங்களுக்கே பிடித்தால் மாற்றுங்கள்.

உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தக் குழு கிடையாது. அதனால் உங்களுக்கு டைரிதான் வழி. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு டீச்சரை அவமானப்படுத்தாதீர்கள். பெரும்பாலும் அவரும் உங்களைப் போல ஓர் அம்மா, உங்கள் சம்பளத்தைவிட அவர் சம்பளம் குறைவாகக்கூட இருக்கும். வெளியில் நிறுத்தச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்திருக்கலாம். வாசலில் நின்று பேசாமல், நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். அப்பாவும் கூட வரட்டும். அதற்காக அரை நாள் கூலி போனால் போகட்டும். விதித்தாளைத் தமிழில் கேளுங்கள், ஒடியாவிலும் இந்தியிலும் வேண்டிய வீடுகளும் உங்கள் வகுப்பில் இருக்கும். படிக்க முடியாத தாளில் கையெழுத்து வாங்குவது முறையில்லை என்பதைத் தணிவாகச் சொன்னாலே போதும்.

திங்கட்கிழமை டைரியில் தமிழில் இப்படி எழுதிக் கொடுங்கள்:

"அன்புள்ள ஆசிரியைக்கு, அன்று தாமதமானது எங்கள் தவறு. குழந்தை பொறுப்பில்லை. இனி நேரத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறோம். மறுபடி தாமதமானால் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம். அவளைத் தயவுசெய்து வகுப்பில் உட்கார வையுங்கள். வெளியில் நின்ற நாளிலிருந்து காலையில் வயிற்று வலி என்கிறாள். உங்களிடம் 10 நிமிஷம் பேச வேண்டும், எந்த நாள் வரலாம்?"

அம்மா, அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கொடுப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதியிருப்பதைப் பாப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வயிற்று வலி ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள், எல்லாவற்றையும் பயம் என்றே நினைத்துவிடக் கூடாது. பள்ளி என்ன பதில் எழுதியது என்று எனக்கும் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்