எஸ்தோனியாவில் ஒரு வாரம் டென்ட் போட்டுத் தங்கலாமா? இலவசம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், இலவசம்தான். ஜூலையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போகப்போவதாகக் கேட்டிருக்கிறீர்கள். எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்று சொல்லவில்லை. விமானத்தில் தலைநகர் டாலின் போய் இறங்கி, அங்கே கார் வாடகைக்கு எடுப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சரி செய்துவிடுவோம். "அங்கே காட்டில் எங்கே வேண்டுமானாலும் டென்ட் அடிக்கலாம்" என்று வீடியோ போடுகிறவர்கள் அளந்துவிடுகிறார்கள். வேலியோ தடைப் பலகையோ இல்லாத நிலத்தில் நடந்து போகலாம், காட்டில் பெர்ரியும் காளானும் பறிக்கலாம். அந்தப் பொது உரிமை எஸ்தோனியாவில் உண்டு. ஆனால் தனியார் நிலத்தில் நெருப்பு மூட்ட உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். லாஹெமா, சோமா, வில்சாண்டி போன்ற தேசியப் பூங்காக்களில் டென்ட், நெருப்பு இரண்டுமே குறித்துவிட்ட இடத்தில் மட்டும்தான். ஃபின்லாந்து, ஸ்வீடன் வழக்கத்தை அப்படியே இங்கே நம்பிப் போகாதீர்கள்.

அந்தக் குறித்த இடங்களைத்தான் நீங்கள் தேட வேண்டும். அரசுக் காடுகளை நிர்வகிக்கும் ஆர்எம்கே என்ற நிறுவனம் நாடு முழுக்க அமைத்து வைத்திருக்கிறது. அதன் இணையதள வரைபடத்தில் 'டெல்கிமிசலா' என்று போட்டிருப்பவை டென்ட் போடும் இடங்கள். முன்பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, காவலாளியும் கிடையாது. நெருப்புக் குழி, மர மேசை, பெஞ்சு, தண்ணீர் இல்லாத குழிக் கழிப்பறை இருக்கும். சில இடங்களில் விறகுக் கொட்டகையும் உண்டு, ஆனால் அதில் விறகு இருக்கும் என்று நம்பிச் சமையலைத் திட்டமிடாதீர்கள். மின்சாரம் இல்லை, குளியலறை இல்லை. குப்பைத் தொட்டியையும் எதிர்பார்க்காதீர்கள், பையில் கட்டித் திரும்ப எடுத்து வர வேண்டியதுதான்.

பல இடங்களில் குடிதண்ணீரும் இல்லை. நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் கணக்கு வையுங்கள், இரண்டு 10 லிட்டர் கேன். ஊர்க் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், ஊருக்குள் போகும்போதெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு நமக்குத் தண்ணீர் இல்லாமல் சரிப்படாது, அதையும் இந்த 20க்குள் சேர்த்திருக்கிறேன். கூச்சப்படாமல் ஒரு மக்கையும் பெட்டியில் போடுங்கள்.

இனி குளிர். ஜூலைப் பகலில் 20 முதல் 25 டிகிரி இருக்கும், சட்டையோடு திரியலாம். இரவில் 10, 12க்கு இறங்கும், சில நாள் 6 டிகிரி வரைகூடப் போகும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். ஐரோப்பிய லேபிளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலை இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் அளவு, தூங்கும் அளவு அல்ல. உங்களுக்குக் கம்ஃபர்ட் 5 டிகிரி இருந்தால் போதும்.

பேக்கை விடவும் முக்கியம் கீழே விரிப்பது. படுத்ததும் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் அங்கே சூடு நிற்காது, தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பம்பு அடித்து ஊதும் பெரிய காற்று மெத்தை சொகுசாகத் தெரியும், உள்ளே காற்று சுற்றிக்கொண்டே இருப்பதால் விடியற்காலையில் ஐஸ் மேல் படுத்த கதைதான். தரைக் குளிரைத் தடுக்கும் அளவை ஆர்-மதிப்பு என்று போட்டிருப்பார்கள், அது 2க்கு மேல் உள்ள பாய் வாங்குங்கள். காற்று மெத்தைதான் கையில் இருக்கிறதென்றால் அதன் மேல் ஒரு ஃபோம் பாய் போடுங்கள். குளிருக்குப் பயந்து டென்ட்டின் காற்றுத் துளைகளை மூடவும் கூடாது. நான்கு பேர் விடும் மூச்சு உட்சுவரில் நீராகி, காலையில் பேக்கெல்லாம் நனைந்திருக்கும்.

தரை இடத்துக்கு இடம் மாறும். பெய்ப்ஸி ஏரிக்கரையில் கௌக்ஸி, வடமேற்குக் கடற்கரையில் பெராக்குலா இரண்டும் மணல். டென்ட்டோடு வரும் 15, 18 செ.மீ. முளைகள் அங்கே நிற்காது, 30 செ.மீ. அகல முளை வேண்டும். சாரெமா தீவில் பல இடங்களில் விரல் நீள மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. முளை வளையுமே தவிர இறங்காது. முளை இல்லாமலே நிற்கும் டோம் வகை டென்ட்டும், மூலைக் கயிறுகளைக் கல்லில் கட்டுவதும்தான் அங்கே வழி. எங்கே போனாலும் பைன் மரங்கள் நிற்கும் மேட்டைப் பாருங்கள். பள்ளமும் சதுப்போரமும் கொசுவுக்குச் சொந்தம்.

சமையலுக்கு விமானத்தில் கேஸ் டப்பா கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. மரையில் திருகும் வகை டப்பா அங்கே கேம்பிங் கடைகளில் கிடைக்கும், அடுப்பையும் அதற்கேற்றதாக வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 15 கிராம் போகும். காற்று அடித்தால் இரண்டு மடங்கு. சோறு, குழம்பு, டீ என்று நம் சமையலுக்கு ஒரு வாரத்துக்கு 450 கிராம் டப்பா இரண்டாவது வேண்டும். டப்பாவின் தலையில் நேராக உட்காரும் அடுப்பில் குக்கர் வைக்காதீர்கள். சாயும், அகலப் பாத்திரத்தின் அனல் திரும்பி டப்பாவைச் சுடும். டப்பாவைச் சுற்றிக் காற்றுத் தடுப்புத் தகட்டை முழுவதும் மூடுவதும் அதே ஆபத்து. டப்பா தள்ளி நிற்கும்படி குழாய் வைத்த அடுப்பு நல்லது. அரிசியை அரை மணி ஊறவைத்து, 5 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடித் துண்டில் சுற்றி 20 நிமிடம் வைத்தால் வெந்துவிடும், கேஸ் பாதி மிச்சம். மழை பெய்தாலும் டென்ட்டுக்குள் அடுப்பு கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது.

சைவம் கிடைக்குமா என்று யாராவது கேட்பார்கள். அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். பெய்ப்ஸிக் கரையில் கோல்க்யா, வர்ன்யா கிராமங்கள் வெங்காயத்துக்குப் பேர்போனவை, வீட்டு வாசலிலேயே சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்பார்கள்.

கரடி வருமா, ஓநாய் வருமா என்று பயப்படுகிறவர்கள் உண்ணியைப் பற்றிக் கேட்பதே இல்லை. உண்மையான ஆபத்து அதுதான். எஸ்தோனிய உண்ணிகள் லைம் நோயையும், மூளைக்காய்ச்சல் வைரஸையும் பரப்பும். மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு: முதல் இரண்டு ஊசிக்கு நடுவே 1 முதல் 3 மாதம், மூன்றாவது அதற்கு 5 முதல் 12 மாதம் கழித்து. நாள் குறைவாக இருந்தால் துரித அட்டவணை உண்டு, பயண மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். நம் ஊரில் போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி இதற்கு உதவாது. லைமுக்குத் தடுப்பூசி இல்லாததால் தினமும் இரவு உடம்பைப் பார்ப்பதுதான் காப்பு. முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டை, பிள்ளைகளுக்குக் காதோரமும் தலைமுடியும். குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், டார்ச் அடித்து விரலால் தடவிப் பாருங்கள். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் கூடாது. பிறகு ஒரு மாதத்துக்குள் கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் படர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும், ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும்.

பயமுறுத்துகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். ஊசியும் இடுக்கியும் இருந்தால் குழந்தைகளோடு தாராளமாகப் போகலாம்.

விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள், இலவச இடத்துக்குச் சீட்டு கிடையாது. ஏஜென்ட்டுகள் பொய் ஹோட்டல் புக்கிங் போட்டுத் தருகிறேன் என்பார்கள், மாட்டினால் மறுப்பு உங்கள் பெயரில்தான் விழும். சில இரவுகளுக்குக் கட்டண முகாமோ ஆர்எம்கேயின் காட்டு வீடோ நிஜமாகவே பதிவு செய்து, மீதிப் பயணத் திட்டத்தைக் கடிதத்தில் எழுதுங்கள். இதே ஏஜென்ட்டுகள்தான் 10 நாளில் 8 நாடு என்று பஸ்ஸில் அடைத்து, கோபுரத்தின் முன்னால் 20 நிமிடம் நிறுத்திப் படம் எடுக்க வைத்து லட்சக்கணக்கில் கறப்பவர்கள். அதில் போய் வந்தவர்கள், "பாரிஸ் பார்க்காமல் காட்டில் போய்ப் படுக்கவா விசா?" என்று உங்களைக் கேலி வேறு செய்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், பதில் சொல்லத் தேவையில்லை.

வெள்ளி, சனி இரவுகளில் டாலினுக்குப் பக்கத்திலுள்ள லாஹெமா இடங்கள் நிரம்பிவிடும், அந்த நாட்களைத் தீவுகளுக்கு ஒதுக்குங்கள். விர்ட்சுவிலிருந்து சாரெமா பக்கம் போக ஃபெரி அரை மணிகூட ஆகாது, ஹியுமா தீவுக்கு ரோஹுகுலாவிலிருந்து ஒன்றேகால் மணி. வெள்ளி மாலை காருக்கு இடம் கிடைக்காது, வியாழனே கடந்துவிடுங்கள். ஜூலைத் தொடக்கத்தில் இரவு பத்தரைக்குத்தான் சூரியன் மறையும், பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கண்மறைப்புத் துணி வாங்கிக்கொள்ளுங்கள். காட்டில் வறட்சி எச்சரிக்கை போட்டிருந்தால் நெருப்புக் குழியையும் தொடக் கூடாது. அவசர எண் 112, ஆங்கிலத்தில் பேசலாம். டென்ட் போடும் இடத்தின் பெயரைக் கிளம்பும் முன்பே தாளில் எழுதி வையுங்கள், ஆம்புலன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.