அம்மாகிட்ட சொன்னா ‘ம்’தான் வரும் – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

உங்கள் கட்டுரைகளை மதிய இடைவேளையில் படிப்பவள் நான். ஈரோட்டுக்குப் பக்கம் வீடு. ஜவுளி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஆறரை ஆகிவிடும். மகள் ஏழாவது, மகன் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மூன்றாவது.

கைப்பையை வைத்ததும் நேராக அடுப்படிதான். ராத்திரிக்குச் சப்பாத்தி, குருமா, இல்லையென்றால் இட்லி, இரண்டு சட்னி. நடுவில் மறுநாளைக்குக் காய் நறுக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். முடியும்போது ஒன்பது. மகன் பள்ளியில் நடந்ததையெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் சொல்வான். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே ‘ம்’ போடுவேன். போன வாரம் அவன் அப்பாவிடம், “அம்மாகிட்ட என்ன சொன்னாலும் ‘ம்’தான் வரும்ப்பா” என்றான். இருவரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமையாவது பிள்ளைகளுக்கு நன்றாகச் செய்து போடலாம் என்று பிரியாணி, வறுவல் என இறங்கினால், நிமிரும்போது மணி மூன்று. கடையில் மாவு வாங்கினால் மாமியார் அந்த இட்லியைத் தொடுவதில்லை, மோர் சாதம் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். மகன் காலையில் பள்ளியிலேயே சாப்பிடுகிறான். “பெத்த பிள்ளைக்குக் காலைல ஒரு தோசை ஊத்திக் குடுக்க முடியலையா?” என்று நாத்தனார் கேட்டுவிட்டார்.

சமையலுக்கு ஆள் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். வைத்தால், அப்புறம் பிள்ளைகளுக்கு நான் எதற்கு என்றும் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம்)

*

வணக்கம்.

வருமானம் இடம் கொடுத்தால் ஆள் வையுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நியாயமான சம்பளம் கொடுங்கள், முடிந்தால் காலையில் வந்து போகச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறரைக்கு அவருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை காத்திருக்கலாம். ஆனால் ஆள் வைத்தாலும் உங்கள் பிரச்சினை பாதிதான் தீரும் என்று நினைக்கிறேன்.

நாத்தனாருக்கு நீங்கள் பதில் சொல்லவே வேண்டாம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காலையில் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைகளுக்காகவும், விடியும்போதே வேலைக்கு ஓடும் அம்மாக்களுக்காகவும்தான் அது. உங்கள் மகன் நண்பர்களோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறான். வீட்டில் என்றால் அந்த நேரத்தில் அவனை ஊட்டாத குறையாக விரட்டிக்கொண்டிருப்பீர்கள். பிள்ளை பள்ளியில் சாப்பிடுவதைக் குறையாகப் பேசுகிறவர்கள், ஓட்டலில் பொங்கல் வடை சாப்பிடுவதைக் குறையாகப் பேசுவதில்லை.

அந்தச் சமையற்கூடங்களிடமிருந்து நாம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கிழமைக்குப் பொங்கல், எந்தக் கிழமைக்குக் கிச்சடி என்று அங்கே கிழமை பார்த்து வேலை நடக்கிறது. ‘இன்னைக்கு என்ன பண்றது?’ என்று யாரும் அடுப்பு முன்னால் நின்று யோசிப்பதில்லை. நம் வீடுகளில் அந்தக் கேள்வி மத்தியானம் மூன்று மணிக்கே தலைக்குள் ஓட ஆரம்பித்துவிடுகிறது. தேங்காய் இருக்கிறதா, மாவு புளித்திருக்குமா, பெரியவளுக்குக் கத்திரிக்காய் பிடிக்காதே... கை வேலை செய்யாதபோதும் தலை சமைத்துக்கொண்டே இருக்கிறது. ஆள் வைத்தாலும், “அக்கா, இன்னைக்கு என்ன செய்யட்டும்?” என்று உங்களிடம்தான் கேட்பார். திங்கள் முதல் வெள்ளி வரை என்ன என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் ஒரு வாரம் முனகுவார்கள், அப்புறம் பழகிவிடும்.

அடுத்தது அந்தச் சப்பாத்தி குருமா. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து வாரநாளில் தேய்த்து, சுட்டு, தேங்காய் அரைத்து... எதற்கு? நீங்கள் கொங்குப் பக்கம். அரிசிம்பருப்பு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தெற்கத்திக்காரியான நான் கோயம்புத்தூர் வந்த பிறகுதான் அதைக் கற்றுக்கொண்டேன். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துவரம்பருப்பு, ஒரு கை சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய், ஒரு தக்காளி, மூன்றரை டம்ளர் தண்ணீர், மூன்று விசில். மேலே நெய், பக்கத்தில் அப்பளம், தயிர். அது வேகும் நேரத்தில் நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து உங்கள் மகன் முகத்தைப் பார்த்துக் கதை கேட்கலாம். வெங்காயத்தை அவனே உரித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது முடியும். மகளை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள்.

மாவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் மாமியாரிடம், அவர் சிறுமியாக இருந்தபோது வீட்டில் வாரம் எத்தனை நாள் இட்லி என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சண்டைக்காக வேண்டாம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். உழைக்கிற குடும்பங்கள் பலவற்றில் இட்லி, தோசை என்பது தீபாவளிக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும்தான். மற்ற நாட்களில் கம்பு, சோளம், ராகிக்களி. சாயங்காலம் ஒரு வேளை உலை வைத்தால் காலைக்குப் பழையசோறு. ஆட்டுக்கல்லில் ஒரு வீட்டுக்கான மாவை அரைத்து எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும், அதனால் தினமும் இட்லி வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.

பிறகு கோவைக்காரர்கள் 1950களில் கிரைண்டரைக் கண்டுபிடித்தார்கள். மிக்ஸி வந்தது. 2011-ல் அரசே விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியது. கை வலி போனது பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மிச்சமான நேரம் பெண்கள் கைக்கு வரவில்லை. பண்டிகைப் பலகாரம் அன்றாடச் சாப்பாடு ஆனது, ஒரு சட்னி இரண்டானது, மூன்று வேளைக்கும் மூன்று விதம் என்றானது. இப்போது ‘அந்தக் காலத்துல எல்லாம் வீட்டுலயே பண்ணுவோம்’ என்று சொல்கிறவர்கள், அந்தக் காலத்தில் எவ்வளவு குறைவாகப் பண்ணினார்கள் என்பதைச் சொல்வதில்லை. கடை மாவு வாங்குகிற நீங்கள் உங்கள் மாமியாரின் அம்மாவைவிட அதிக வகை சமைக்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

அதற்காக மாவு அரைப்பதை மாமியார் தலையில் கட்டச் சொல்லவில்லை. அவரே விருப்பப்பட்டு கிரைண்டரில் போட்டால் சரி. இல்லையென்றால் அவர் மோர் சாதம் சாப்பிடட்டும். மோர் சாதம் நல்ல உணவு.

இனி நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் மகன், மகள், மாமியார், நாத்தனார் எல்லோரும் வருகிறார்கள். வீட்டுக்காரர் ஒரே ஒரு இடத்தில் வருகிறார், மகன் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கும் இடத்தில். ஆறரையிலிருந்து ஒன்பது வரை அவர் எங்கே இருக்கிறார்? அவருக்கு இரவு வேலையாக இருந்தால் மன்னிக்கவும், ஆனால் சிரித்த அன்று வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 97 பரவாயில்லையே என்று நினைத்துவிடாதீர்கள். அது அன்றைக்கு ஏதாவது வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி. அப்படிச் செய்தவர்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்களின் நேரம் 289 ஆகக் குறைந்திருந்தது. ஆண்கள் கூட வந்து கை கொடுத்ததால் குறைந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர்களுடையதும் 88 ஆகக் குறைந்திருந்தது.

வாரத்தில் இரண்டு ராத்திரிகளை அவரிடம் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். ‘கூடமாட’ வேண்டாம். கூடமாட வருகிறவர், “சீரகம் எங்க இருக்கு? உப்பு எவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார், அவருக்கும் சேர்த்து நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கும். செவ்வாய், வியாழன் என்றால் என்ன செய்வது, எதை வாங்குவது, அடுப்பைத் துடைப்பது வரை அவர் பாடு. தோசை கருகினால் கருகிய தோசையைச் சாப்பிடுங்கள். அடுப்படி வாசலில் நின்று, “அப்படித் திருப்பாதீங்க” என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். சொன்னால் அடுத்த வாரம் கரண்டி உங்கள் கைக்கே வந்துவிடும். மாமியார் எதிரில் அவர் மகன் கரண்டி பிடித்தால் என்ன நடக்கும் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். அதைச் சமாளிக்க வேண்டியது உங்கள் வீட்டுக்காரர்தான், அவருடைய அம்மாதானே.

ஞாயிறு பிரியாணியைப் பிள்ளைகள் கேட்கிறார்களா, நீங்களாகவே செய்கிறீர்களா? கேட்டால் மாதம் ஒருமுறை செய்யுங்கள், மற்ற வாரங்களில் பார்சல் வாங்கலாம், ரசமும் முட்டையும் போதும். செய்கிற அன்றைக்கு வெங்காயம் உரிப்பது, புதினா ஆய்வது, தயிர்ப் பச்சடி எல்லாம் மற்ற மூவருக்கும் போகட்டும்.

‘நான் எதற்கு’ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகன் குருமா வேண்டுமென்று அப்பாவிடம் போய் முறையிடவில்லையே. வாரநாளில் வந்ததும் அரைமணி நேரம் அடுப்படிக்குள் நுழையாதீர்கள். டீ குடியுங்கள், அவன் பேசுவதைக் கேளுங்கள். சாப்பாடு எட்டரைக்குப் பதில் ஒன்பதுக்கு வரட்டும், நடுவில் பசித்தால் பொட்டுக்கடலையும் வாழைப்பழமும் இருக்கிறது. ஏழாவது படிக்கும் மகளும் கவனிக்கப்பட வேண்டியவள். அவள் புகார் சொல்லவில்லை என்பதால் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரிக்கு மேல் இல்லை. அவளிடமும் கேளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்காரர் என்ன சமைத்தார் என்பதையும் எழுத வேண்டும்.